தகட்டின் பதம்

1957இல் லோட்டஸ் செவன் என்ற சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது, பலர் அதை முழுக் காராக வாங்கவில்லை. உதிரிகளாக வாங்கித் தங்கள் வீட்டுக் கொட்டகையில் வைத்துத் தாங்களே இணைத்துக்கொண்டார்கள். முழுக் காருக்கு அன்று பிரிட்டனில் கொள்முதல் வரி உண்டு, உதிரிகளுக்குக் கிடையாது. இந்த வரி வித்தியாசம்தான் 'கிட் கார்' என்ற பழக்கத்துக்கு அங்கே வேர் பிடிக்க இடம் கொடுத்தது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டு செவனைத் தயாரிக்கும் உரிமை லோட்டஸிடமிருந்து கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆனால் கொட்டகையில் கார் கட்டும் ஆசை வரியோடு சேர்ந்து போய்விடவில்லை. 250 பவுண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டிவிடலாம் என்று சொல்லி 1996இல் ரான் சாம்பியன் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிறகு, கிட் கூட வாங்காமல் குழாயை அறுத்துப் பற்றவைத்துச் சட்டகத்தையே தாங்களாகச் செய்துகொள்கிறவர்கள் உலகெங்கும் பெருகினார்கள்.

இந்த வகைக் காரின் எலும்புக்கூடு எளிமையானது. ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை, ஏறத்தாழ 1.6 மி.மீ. சுவர் கனம் உள்ளவற்றை, பற்றவைத்துச் செய்த கூண்டு அது. அதன் பக்கங்கள், பின்புறம், இன்ஜினுக்கும் கால்களுக்கும் நடுவே நிற்கும் தடுப்பு, கியர்பாக்ஸைப் போர்த்தும் சுரங்கம், பானெட் எல்லாம் பெரும்பாலும் அலுமினியத் தகடுகள். செவனை வடிவமைத்த காலின் சாப்மன் லோட்டஸைத் தொடங்கிய காலத்தில் பிரிட்டிஷ் அலுமினியம் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். தகட்டின் குணம் அவருக்குத் தொழில்முறையில் தெரிந்திருந்தது. கொட்டகையில் கார் கட்டுகிறவருக்கு அந்த அறிவு எங்கிருந்தும் வந்து சேர்வதில்லை. கடைக்காரர் 'எந்த கிரேடு?' என்று கேட்கும்போதுதான் அலுமினியத்தில் இத்தனை வகை உண்டென்றே பலருக்குத் தெரிகிறது.

கடையில் கிடைக்கும் வகைகள் கொஞ்சம்தான். ஏறக்குறையத் தூய அலுமினியமான 1050. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் மாங்கனீசு கலந்த 3003. இரண்டரை சதவீதம் மக்னீசியம் கலந்த 5052. பிரிட்டனில் இதன் இடத்தில் 5251 புழங்குகிறது. மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த 6061. இதற்கு பிரிட்டிஷ் பங்காளி 6082. விமானக் கழிவுச் சந்தையில் செம்பு கலந்த 2024 தகடும் கிடைக்கும். இவற்றின் வலிமைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், நிரந்தரமாக வளைந்துபோகாமல் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கில் (ஹெச், டி குறியீடுகள் தகட்டின் பதத்தைச் சொல்பவை), 3003-ஹெச்14 சுமார் 145 மெகாபாஸ்கல், 5052-ஹெச்32 சுமார் 190, 6061-டி6 சுமார் 275. கடைசியாகச் சொன்னது சாதாரண மென்னிரும்பையே எட்டிப் பிடிக்கிறது. எடையோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். பட்டியலைப் பார்த்தவர் விரல் 6061-டி6இல் போய் நிற்பது இயல்பு. 'விமானத்துக்குப் போடுகிற உலோகம்' என்ற பெயர் வேறு அதற்கு இருக்கிறது.

காரின் பக்கவாட்டுத் தகட்டுக்கு அந்த எண் எந்த வகையிலும் உதவுவதில்லை. அதை முதலில் புரிந்துகொண்டால் மீதித் தேர்வு எளிதாகிவிடும்.

வலிமை வேறு, விறைப்பு வேறு. ஒரு தகடு எவ்வளவு சுமையில் நிரந்தரமாகக் கோணிப்போகும் என்பது வலிமை. சுமை இருக்கும்போது எவ்வளவு நெளிந்து கொடுக்கும் என்பது விறைப்பு. கலவையை மாற்றினால் வலிமை பத்து மடங்கு வரை மாறும். பதப்படுத்தாத 1050ஐயும் 2024-டி3ஐயும் பக்கத்தில் வைத்தால் அந்த அளவு வித்தியாசம் தெரியும். விறைப்போ அசைவதே இல்லை. அதன் அளவான யங் குணகம் எல்லா அலுமினியத் தகடுகளுக்கும் 69 முதல் 73 கிகாபாஸ்கலுக்குள் அடங்கிவிடுகிறது. காரணம், விறைப்பு என்பது பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பின் குணம். நூறு அணுக்களில் மூன்றோ நான்கோ வேறு தனிமம் கலந்ததால் அந்தப் பிணைப்பு பெரிதாக மாறாது. ஆகவே 1.2 மி.மீ. 3003 தகட்டை விரலால் அழுத்தினால் எவ்வளவு உள்ளே போகுமோ, அதே கனமுள்ள விலையுயர்ந்த 6061-டி6உம் அவ்வளவே போகும்.

விறைப்பு வேண்டுமென்றால் கனத்தைத்தான் கூட்ட வேண்டும். அங்கே கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கிறது. தகடு நெளிவதை எதிர்க்கும் திறன் அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. இரும்பின் யங் குணகம் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு. அந்த மூன்று மடங்கை ஈடுகட்ட அலுமினியத்தின் கனத்தை 1.44 மடங்கு ஆக்கினால் போதும். 0.9 மி.மீ. இரும்புத் தகட்டின் இடத்தில் 1.3 மி.மீ. அலுமினியம். ஒரு சதுர மீட்டருக்கு இரும்பு 7 கிலோ, அலுமினியம் மூன்றரைக் கிலோ. பாதி எடையில் அதே விறைப்பு. அலுமினியத்தைக் காருக்குப் போர்த்துவதன் முழு நியாயமும் இந்த மும்மடிக் கணக்கில் இருக்கிறது. இதில் கலவையின் வலிமை எங்குமே வரவில்லை.

சட்டகத்தில் ரிவிட் அடித்த தகடு வெறும் போர்வை என்று நினைத்துவிடக் கூடாது. குழாய்களால் ஆன செவ்வகச் சட்டம் ஒன்று பக்கவாட்டில் தள்ளினால் சாய்சதுரமாகக் கோணும். அதன் மேல் தகடு அறைந்தால் கோணாது. காரின் முறுக்கத்தைத் தாங்குவதில் அந்தத் தகடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 'அப்படியானால் அங்கேயாவது வலிமையான கலவை வேண்டாமா?' என்ற கேள்வி வரும். 300 மி.மீ. அகலத்தில் நீளமாக ஓடும் 1.2 மி.மீ. தகடு ஒன்று, 10 மெகாபாஸ்கலுக்கும் குறைந்த வெட்டுத் தகைவிலேயே மூலைவிட்டமாக அலையோடிச் சுருங்கிவிடும். எந்த வேளையில் சுருங்கும் என்பதை நிர்ணயிப்பவை யங் குணகமும், கனத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமும். மிக மென்மையான அலுமினியம் கூட அந்த வேளையில் தன் வலிமையின் எல்லைக்கு வெகு தூரத்தில் நிற்கும். சுருங்கிய பிறகும் தகடு கைவிடுவதில்லை என்பது இன்னொரு அழகு. அலைகளின் முகட்டு வழியே இழுவிசையைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஜெர்மன் பொறியாளர் ஹெர்பர்ட் வாக்னர் 1929இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். விமான உடல்களை மெல்லிய தகட்டில் செய்யும் துணிச்சல் அதிலிருந்துதான் வலுப்பெற்றது. கிட் கார்க்காரர் செய்ய வேண்டியது, பெரிய தகட்டின் நடுவே ஒரு வரிப்பள்ளம் அழுத்தியோ, ஒரு மடிப்பு கொடுத்தோ, குறுக்கே ஒரு குழாயை நிறுத்தியோ அகலத்தைப் பிரித்துவிடுவது. அகலம் பாதியானால் சுருங்கும் எல்லை நான்கு மடங்கு ஏறும். எந்தக் கலவை மாற்றமும் இதைத் தராது.

வலிமை எங்கிருந்து வருகிறது என்று உலோகத்துக்குள் இறங்கிப் பார்த்தால்தான், வலிமையான தகடு ஏன் மடக்கும்போது விரிசல் விடுகிறது என்பது விளங்கும். அலுமினியத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காக அமர்ந்திருக்கின்றன. தகட்டை மடக்கும்போது ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்குகிறது. முழு அடுக்கும் ஒரே நேரத்தில் வழுக்க வேண்டுமானால் மிகப் பெரிய விசை தேவை. கணக்குப்படி வரும் அந்த விசை, சோதனையில் காணும் விசையைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். இந்தப் புதிருக்கு ஜெஃப்ரி டெய்லர், எகோன் ஓரோவான், மைக்கேல் போலான்யி மூவரும் 1934இல் தனித்தனியே ஒரே விடையைக் கண்டார்கள். பெரிய ஜமுக்காளத்தைத் தரையில் ஒரேயடியாக இழுப்பது கடினம். ஒரு ஓரத்தில் மடிப்பு ஒன்றை எழுப்பி, அந்த மடிப்பை மறு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனால் ஜமுக்காளம் முழுவதும் நகர்ந்துவிடும். அணு அடுக்குகளில் அப்படி ஓடும் மடிப்புதான் பிறழ்வுக்கோடு. உலோகம் வளைகிறது என்றால் கோடிக்கணக்கான பிறழ்வுக்கோடுகள் உள்ளே ஓடுகின்றன என்று பொருள். உலோகத்தை வலுவாக்குவது என்றால் அந்த ஓட்டத்தை மறிப்பது.

மறிப்பதற்குத் தகடு செய்கிறவர்களிடம் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அளவில் பொருந்தாத அணுவைக் கலப்பது. மக்னீசிய அணு அலுமினிய அணுவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் பெரியது. அது அமரும் இடத்தைச் சுற்றி அடுக்கு நெருக்குண்டு, பிறழ்வுக்கோடு அங்கே தடுமாறும். 5052இன் வலிமையில் பெரும்பங்கு இதுதான். இரண்டாவது, குளிர்ந்த நிலையிலேயே உருளைகளுக்கு நடுவே தகட்டை விட்டு மெலிய வைப்பது. பிறழ்வுக்கோடுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் மடக்கிய இடம் கடினமாகிக்கொண்டே வந்து கடைசியில் ஒடிவதும் இதனால்தான்.

மூன்றாவது வழி தற்செயலாகக் கிடைத்தது. பெர்லினுக்கு அருகே நாய்பாபெல்ஸ்பெர்க் ஆய்வு நிலையத்தில் 1906இல் ஆல்ஃப்ரெட் வில்ம், செம்பும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடேற்றித் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்தார். இரும்பைப் போல உடனே கடினமாகும் என்பது எதிர்பார்ப்பு. கடினமாகவில்லை. வார இறுதி கழித்து வந்து மறுபடி அளந்தபோது அந்தத் துண்டு தானாகவே கடினமாகியிருந்தது என்று உலோகவியல் வரலாற்றில் சொல்வார்கள். டியூரன் நகரின் உலோக ஆலை அந்த உரிமையை வாங்கி டியூராலுமின் என்ற பெயரில் விற்றது. செப்பலின் வான்கப்பல்களின் சட்டகங்கள் அதில் எழுந்தன. காரணத்தை நேரில் காட்ட மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1938இல் பிரான்சில் ஆந்த்ரே கினியேயும் பிரிட்டனில் ஜார்ஜ் பிரஸ்டனும் எக்ஸ் கதிர்களால் அதைப் பார்த்தார்கள். சூட்டில் கரைந்திருந்த செம்பு அணுக்கள், குளிர்ந்தபின் மெல்ல மெல்ல ஒன்றுகூடி, ஒன்றிரண்டு அணு கனமே உள்ள நுண்தட்டுகளாகத் திரள்கின்றன. ஒவ்வொரு திரளும் பிறழ்வுக்கோட்டுக்கு ஒரு தடை. 6061இல் இதே வேலையை மக்னீசியமும் சிலிக்கனும் செய்கின்றன: சுமார் 530 டிகிரி செல்சியஸில் கரைத்து, தண்ணீரில் குளிர்வித்து, 160 முதல் 175 டிகிரியில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் கிடைப்பதுதான் டி6.

ஆகவே கலவை எண்ணுக்குப் பின்னால் வரும் சிறு குறியீட்டை யாரும் விட்டுவிடக் கூடாது. 6061 என்று மட்டும் கேட்டு வாங்கினால் எதுவும் கேட்டதாகவில்லை. அதே 6061, 'ஓ' பதத்தில் 55 மெகாபாஸ்கலில் வளைந்துவிடும். டி6 பதத்தில் 275 வரை நிற்கும். ஓ என்றால் முழுக்கத் தணித்து இளக்கியது. ஹெச் என்றால் உருளையில் இறுக்கியது. அதன் கடைசி எண் 2 என்றால் கால் பதம், 4 என்றால் அரைப் பதம், 8 என்றால் முழுப் பதம். 5052-ஹெச்32இல் உள்ள 3 என்ற எண், இறுக்கியபின் மிதமான சூட்டில் நிலைப்படுத்தியதைச் சொல்கிறது. மக்னீசியம் கலந்த தகடு அப்படி நிலைப்படுத்தாவிட்டால் கிடங்கில் கிடக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இளகிவிடும்.

இப்போது மடக்கும் மேசைக்கு வருவோம். தகட்டை மடக்கும்போது உள்பக்கம் நெருங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. வெளிப்பக்கம் நீள்வதற்குப் பிறழ்வுக்கோடுகள் ஓட வேண்டும். ஓட்டத்தை மறித்து மறித்துத்தான் டி6 பதம் வலிமை பெற்றது. அதனால் அங்கே நீட்சிக்கு மிச்சம் குறைவு. 1.5 மி.மீ. கனமுள்ள 5052-ஹெச்32 தகட்டை, உள்வளைவின் ஆரம் தகட்டின் கனத்துக்குச் சமமாக இருக்கும்படி 90 டிகிரி மடக்கலாம். அதே கனமுள்ள 6061-டி6க்கு ஆரம் கனத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு வேண்டும், 3 மி.மீ. தகட்டுக்கு நான்கு மடங்கு வரை கொடுப்பது நல்லது. வீட்டுக் கொட்டகையில் இருக்கும் எளிய பெண்டிங் மிஷினின் விளிம்பு கூர்மையானது. அதில் டி6 தகட்டை வைத்து மடக்கினால் மடிப்பின் முதுகில் மெல்லிய விரிசல் வரிசையாக ஓடும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது. பெயின்ட் அடித்து ஆறு மாதம் ஓட்டியபின் தெரியும்.

ஆலையில் உருளை ஓடிய திசைக்கு இணையாக மடக்கினால் விரிசல் இன்னும் எளிதில் வரும். குறுக்காக மடக்க வேண்டும். தகட்டின் மேல் மெல்லிய கோடுகளாக அந்தத் திசை தெரியும். மடிப்புக் கோட்டை எஃகு ஊசியால் கீறிக் குறிப்பது நல்ல பழக்கமல்ல; அந்தக் கீறலே விரிசலுக்குத் தொடக்கமாகிவிடும். விமானத் தகட்டு வேலையில் பென்சிலையும் ஒதுக்குகிறார்கள். அதன் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கத் தூண்டும். மெல்லிய மார்க்கர் பேனா போதும். இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில், மடக்குவதற்கு முன்பே ஒரு சிறு துளை போட்டுவிட்டால் மூலை கிழியாது. அறுத்த ஓரத்தின் பிசிறை அரம் போட்டு வழித்துவிட வேண்டும்.

'டி6 தகட்டைச் சூடாக்கி மடக்கினால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. பழைய பாடி பட்டறைகளில் ஒரு உத்தி இருக்கிறது. தகட்டின் மேல் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டு அடியில் தீ காட்டுவார்கள். சோப்பு பழுத்துக் கருக்கும்போது தகடு சுமார் 350 டிகிரியை எட்டியிருக்கும், இளகியிருக்கும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது; நிறம் மாறாமலே 660 டிகிரியில் சட்டென்று உருகி விழும். அதனால்தான் சோப்பின் துணை. 1050க்கும் 3003க்கும் இது அருமையான வழி. 6061-டி6இல் இதைச் செய்தால், எந்தப் பதத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்தோமோ அதையே அழித்துவிடுகிறோம். ஆறியபின் அது திரும்பி வராது. 6061தான் வேண்டும், மடிப்பும் வேண்டும் என்றால், கரைத்துக் குளிர்வித்ததோடு நிறுத்திய டி4 பதத்தில் வாங்கி, மடக்கி, பிறகு சுமார் 175 டிகிரி சூளையில் எட்டு மணி நேரம் வைத்து டி6க்கு ஏற்றலாம். ஒரு எல் வடிவத் துண்டுக்காக இவ்வளவு பாடு தேவையில்லை. 6061 ஆங்கிள் பட்டை ஆலையிலேயே அந்த வடிவத்தில் பிதுக்கி வருகிறது, வாங்கி அறுத்துக்கொள்ளலாம்.

பற்றவைப்பிலும் இதே கதைதான். 6061-டி6ஐ டிக் வெல்டிங் செய்தால், பற்றுக்கு இரண்டு பக்கமும் சூடு பட்ட பட்டையில் நுண்திரள்கள் பருத்துக் கலைந்து, வலிமை ஏறத்தாழப் பாதியாகும். 5052க்கு இழக்க அவ்வளவு இல்லை. பற்றும் நன்றாக ஏற்கும். பெட்ரோல் டாங்கியை 5052இலோ 5251இலோ, 2 முதல் 3 மி.மீ. கனத்தில் செய்வது இதனால்தான். 2024ஐப் பற்றவைக்க முயலவே கூடாது, விரிசல் விடும். செம்பு இருப்பதால் எளிதில் அரிக்கவும் அரிக்கும். விமானத்தில் அதன் இரு முகத்திலும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாகப் பதித்துத்தான் பயன்படுத்துகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வருகிறவர், மடக்கவும் முடியாமல் பற்றவைக்கவும் முடியாமல் அதை மூலையில் சாத்தி வைக்க நேரும்.

ஆகவே காரின் பெரும்பகுதிக்கு என் தேர்வு 5052-ஹெச்32, பிரிட்டனில் 5251-ஹெச்22. பக்கங்களுக்கு 1.2 மி.மீ., தடுப்புக்கும் சுரங்கத்துக்கும் 1.5 அல்லது 1.6. பானெட் ஒற்றை வளைவு. பெரிய குழாயின் மேல் வைத்துக் கையாலேயே வளைக்கலாம். அதில் காற்றுப் போகச் செதில்கள் அழுத்துவதானால் 3003-ஹெச்14 அல்லது 1050-ஹெச்14 எடுத்துக்கொள்வது மேல். முன்மூக்கு இரு திசையிலும் வளைந்த வடிவம். அதை அடித்தும் உருட்டியும் எழுப்ப இளகிய 1050தான் கேட்கும், அதற்கு மேல் வருடக்கணக்கில் பழகிய கையும் கேட்கும். லோட்டஸே முதல் செவனில் அலுமினிய மூக்கு வைத்துவிட்டு, 1960இல் வந்த இரண்டாம் வரிசையில் கண்ணாடியிழைக்கு மாறிவிட்டது. சைலன்சர் அருகே வைக்கும் வெப்பத் தடுப்புக்கு வலிமையே தேவையில்லை. மினுமினுப்பான 1050 கதிர்வெப்பத்தைத் திருப்பிவிடும். அங்கே 5083ஐ வைக்கக் கூடாது. கப்பல் தரம் என்ற புகழை நம்பி சிலர் அதை வாங்குகிறார்கள். அதைப் போல மூன்று சதவீதத்துக்கு மேல் மக்னீசியம் உள்ள கலவைகள் 65 டிகிரிக்கு மேல் நெடுநேரம் கிடந்தால், மக்னீசியம் உலோகப் படிகமணிகளின் எல்லைகளில் பிரிந்து படிந்து, அங்கிருந்து அரிப்பும் விரிசலும் தொடங்கும். இன்ஜின் அறையில் 65 டிகிரி என்பது சர்வசாதாரணம்.

6061-டி6க்கு இடமே இல்லையா என்றால், உண்டு. தட்டையாக இருந்து சுமை தாங்கும் துண்டுகள்: கருவிகளைப் பிடிக்கும் பலகை, பாட்டரித் தட்டு, 3 மி.மீ.க்கு மேல் கனமுள்ள பிடிமானங்கள். மடிப்பில்லாமல் அறுத்துத் துளையிட்டு எடுப்பவற்றில் அதற்கு நிகரில்லை. ஆனால் சீட் பெல்ட், ஸ்டீயரிங், பிரேக் பெடல், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் பிடிமானங்களை எந்த அலுமினியத் தகட்டிலும் செய்யாதீர்கள். இரும்புக்குச் சோர்வு எல்லை என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே எத்தனை கோடி முறை அதிர்ந்தாலும் ஒடியாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது நொடிக்கு நூறு வெடிப்பு. மூன்று மணி நேரத்துக்குள் பத்து லட்சம் அதிர்வு. சீட் பெல்ட் பிடிமானம் ஒடிந்தால் பலி கொடுப்பது ஒரு உயிரை.

கடைக்குப் போகும்போது கனத்தை மில்லிமீட்டரில் மட்டும் சொல்ல வேண்டும். கேஜில் சொன்னால் குழப்பம் நிச்சயம். பிரிட்டிஷ் கேஜில் 16 என்றால் 1.63 மி.மீ. அமெரிக்காவில் அலுமினியத்துக்கு 16 என்றால் 1.29 மி.மீ. அங்கேயே இரும்புத் தகட்டுக்கு 16 என்றால் 1.52 மி.மீ. பிரிட்டிஷ் வரைபடத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் தகடு வாங்கினால், மும்மடிக் கணக்கின்படி விறைப்பு பாதியாகக் குறைந்த தகடுதான் வீடு வந்து சேரும். கலவை எது என்று தெரியாத பழைய தகடு கையில் இருந்தால், ஓரத்தில் விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, இறுக்கமாக 180 டிகிரி மடித்துத் தட்டிப் பாருங்கள். முதுகில் விரிசல் இல்லையென்றால் மடிப்பு வேலைக்குத் தைரியமாக எடுக்கலாம். ஒடிந்துவிட்டால் தட்டை வேலைக்கு ஒதுக்கலாம்.

தகடு எதுவானாலும் இரும்புச் சட்டத்தின் மேல் வெறுமனே அறையக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரும்புக்குக் கட்டுப்பாடு இருந்ததால், 1948இல் வந்த லேண்ட்ரோவரின் உடலை பர்மாபிரைட் என்ற, மக்னீசியம் கலந்த அலுமினியத் தகட்டில் செய்தார்கள். அந்தத் தகடு பல பத்தாண்டுகள் நின்றது; இரும்பைத் தொட்ட இடங்களில் மட்டும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. பிரிட்டனில் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு, நனைந்த இரண்டு உலோகங்களையும் ஒரு மின்கலமாக மாற்றிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். குழாய்க்கு நல்ல பெயின்ட், இடையில் பாலியூரிதேன் பசை, அதன் மேல் ரிவிட் என்று செய்தால் உலோகம் உலோகத்தைத் தொடாது. பசை இன்னொரு உதவியும் செய்கிறது. 40 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ ஒரு மி.மீ. நீளும், இரும்பு அதில் பாதிதான். அந்த அரை மி.மீ. வித்தியாசத்தைப் பசையின் நெகிழ்வு ஓரளவு வாங்கிக்கொள்ளும். ரிவிட் துளை, தகட்டின் ஓரத்திலிருந்து ரிவிட்டின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும்.

பிரிட்டனில் இப்படிக் கட்டிய கார் சாலைக்கு வர தனிவாகன ஒப்புதல் சோதனை ஒன்றில் தேற வேண்டும். வெளியே கை படக்கூடிய ஓரங்களின் ஆரம் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. 1.2 மி.மீ. தகட்டின் ஓரத்தை அரம் போட்டு எவ்வளவு வழித்தாலும் அந்த ஆரம் வராது. தட்டையாக மடித்துவிட்டாலும் வருவது 1.2 மி.மீ.தான். ரப்பர் விளிம்பு சொருகலாம். கைவேலை தெரிந்தவர்கள் ஓரத்தில் 3 மி.மீ. கம்பியை வைத்துத் தகட்டை அதைச் சுற்றி உருட்டிவிடுகிறார்கள். கம்பியின் ஆரம் ஒன்றரை, தகட்டின் கனம் 1.2, ஆக மொத்தம் 2.7 மி.மீ.; சோதனையாளர் ஏற்றுக்கொள்வார். அந்த உருட்டலில் உள்வளைவின் ஆரம், தகட்டின் கனத்தைப் போல ஒன்றேகால் மடங்குதான். 5052-ஹெச்32உம் 3003-ஹெச்14உம் அதற்கு இணங்கிச் சுற்றிக்கொள்ளும். 6061-டி6 பாதிச் சுற்றிலேயே வெடிக்கும்.